ஆரஞ்சு உரிக்கும் காட்சி

படம் வெளியாகும் முன் போடும் பிரிவியூ காட்சி முடிந்ததும் இயக்குநர் வாசலில் வந்து நிற்பார். சென்னையில் இது வெகுகாலமாக இருக்கும் வழக்கம். உள்ளே இரண்டரை மணி நேரம் நெளிந்தவர்கள் வரிசையாக வெளியே வந்து, அவர் கையைப் பிடித்து, ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்று யாரும் சொல்வதில்லை, அதே நியாயம்தான் இதற்கும். "வித்தியாசமா இருந்துச்சு" என்றால் ஒன்றும் புரியவில்லை. "உழைப்பு தெரியுது" என்றால் படம் தேறாது. "கேமரா பிரமாதம்" என்றால் கதையே இல்லை. "பேசுவோம்" என்று சொல்லிக் கையை விட்டுவிட்டால், இயக்குநர் ஊருக்குத் திரும்பிப்போக பஸ் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கலையில் குமரகுரு கரைகண்டவர். சினிமாவையும் தொடர்களையும் பார்த்துக் கருத்துச் சொல்வதே அவர் பிழைப்பு. 'கறார் குமரகுரு' என்ற அவருடைய சேனலில் திட்டு வாங்காத நடிகர் கிடையாது. வாசலில் ஒன்று சொல்வார், சேனலில் வேறொன்று சொல்வார். முன்னது நாகரிகம், பின்னது நேர்மை என்று அதற்கு விளக்கமும் வைத்திருந்தார். இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்று, அதாவது படம் பார்த்தபோது அவருக்கு நிஜமாகவே என்ன தோன்றியது என்பது, அவருக்கே தெரியாமல் போய் வருஷக்கணக்காகியிருந்தது. நாடிப்பட்டை வரும்வரை அதை ஒரு குறையாக அவர் நினைத்ததில்லை.

பட்டை வந்ததற்குக் காரணம் அவரைப் போன்றவர்கள்தான். காசு வாங்கிக்கொண்டு புகழ்கிறவர்கள், காசு வராததால் திட்டுகிறவர்கள், படம் வெளியாகும் முன்பே குப்பை என்று எழுதிவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் என்று கூட்டம் பெருகி, கருத்து என்றாலே யாரும் நம்பாத நிலை வந்தது. கடைசியில் கருத்துச் சான்று வாரியம் என்று ஒன்றை அமைத்தார்கள். இனிமேல் எந்தப் படத்தைப் பற்றியும் எந்தத் தொடரைப் பற்றியும் இணையத்தில் வாய் திறக்க வேண்டுமென்றால், பார்க்கும்போது மணிக்கட்டில் நாடிப்பட்டை கட்டியிருக்க வேண்டும். நாடித்துடிப்பு, வியர்வை, தோலின் சூடு எல்லாவற்றையும் வைத்து, எந்தக் காட்சியில் உடம்பு என்ன பட்டது என்று அது சொல்லிவிடும். வாரியத்தில் ஒரு தமிழ்ப் பேராசிரியர் இருந்தார். அவர் பிடிவாதமாக நின்று, பழைய இலக்கணக்காரர்கள் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளையே அதற்கும் வைத்துவிட்டார்: நகை, அழுகை, இளிவரல் என்கிற அருவருப்பு, மருட்கை என்கிற வியப்பு, அச்சம், பெருமிதம், வெகுளி என்கிற கோபம், உவகை என்கிற மகிழ்ச்சி. எட்டிலும் சேராத மந்தமான நிலைக்கு நடுவுநிலை என்று பெயர். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து பரீட்சையோடு மறந்த சொற்கள் டீக்கடைக்கு வந்தன. "நேத்து அந்த சீரியல்ல எனக்கு ஒரே இளிவரல்டா" என்று ஆட்டோ ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள்.

குமரகுரு முதன்முதலில் பட்டை கட்டிக்கொண்டு பார்த்தது, வெளிநாட்டு விழாக்களில் பரிசு வாங்கிய ஒரு படம். 'உலுக்கி எடுத்துவிட்டது' என்று பேசினார். அந்தப் பேச்சுக்குக் கீழேயே வாரியத்தின் சான்று தானாக வந்து ஒட்டிக்கொண்டது: முழுவதும் நடுவுநிலை, இடையில் உறக்கம். அடுத்த வாரம் ஒரு பெரிய நடிகரின் அடிதடிப் படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டினார். நாயகன் லாரியிலிருந்து குதிக்கும் இடத்தில் அவர் உடம்பு பெருமிதத்தில் துள்ளியிருப்பதாகச் சான்று காட்டியது. 'அண்ணன் உடம்பு விசிலடிக்குது, வாய்தான் திட்டுது' என்று ஒருவர் எழுதியதை ஊரே பகிர்ந்தது.

பிறகு வாரியத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. சொல்லும் உடம்பும் பொருந்தவில்லை, இது இப்படியே நீடித்தால் கருத்துச் சொல்ல வாரியம் கொடுத்திருக்கும் உரிமம் ரத்து. உரிமம் போனால் சேனல் போகும். சேனல் போனால் குமரகுருவுக்குத் தெரிந்த வேறு வேலை கிடையாது.

"சார், நீங்க ரொம்பப் படம் பாத்துட்டீங்க. உடம்பு மரத்துப்போச்சு," என்றான் ஜெரால்டு. அவருக்கு ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, கணினி எல்லாமே அவன்தான்.

"அப்ப உடம்பு சொல்றதையே பேசிட வேண்டியதுதானே?"

"பேசலாம் சார். எல்லாப் படத்துக்கும் நடுவுநிலைன்னு பேசினா எவன் பாப்பான்?"

குமரகுரு பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்து, அது ஏதோ தன்னை அவமானப்படுத்திய மாதிரி முறைத்தார். "இது என் கைதான்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது சார். பட்டை உங்க பேர்ல இருக்கு, அவ்வளவுதான். கட்டின கை வெதுவெதுப்பா இருந்தா போதும். யார் கைன்னு அது கேக்காது." சொல்லிவிட்டு ஜெரால்டு நிமிர்ந்து பார்த்தான். குமரகுரு ஏற்கெனவே சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே அவர் மனைவி சௌந்தரவல்லி மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். துணி சோப்பு விளம்பரத்துக்கே கண் கலங்குகிற பெண். பேய்ப் படம் என்றால் கூடத்து விளக்கை அணைக்க விடமாட்டாள். தொடரில் மாமியார்க்காரி பொய் சொன்னால் "அடிப்பாவி" என்று டிவியிடமே சொல்வாள். இதையெல்லாம் வைத்து குமரகுரு நண்பர்களிடம் எத்தனையோ முறை சிரித்திருக்கிறார்.

"வல்லி, நாளைக்குச் சாயங்காலம் ஒரு பிரிவியூ இருக்கு. வர்றியா?"

வல்லி கரண்டியைக் கீழே வைத்தாள். "யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"ஏன் அப்படிக் கேக்குற?"

"இல்ல, கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு பிரிவியூவுக்கும் கூப்பிட்டதில்லையே, அதான் பயந்துட்டேன்."

அவர் விஷயத்தைச் சொன்னார். வல்லி பொறுமையாகக் கேட்டாள். "அப்ப நான் பாக்கணும், நீங்க சொல்லணும்."

"அவ்வளவுதான்."

"சரிங்க," என்றாள். அவ்வளவு சீக்கிரம் ஏன் ஒப்புக்கொண்டாள் என்று அவர் கேட்கவில்லை. சம்மதம் கிடைத்தபிறகு காரணம் கேட்பது அவர் வழக்கமில்லை.

மறுநாள் வல்லி நல்ல புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்தாள். விளக்கு அணைந்ததும் அவர் தன் பட்டையைக் கழற்றி அவள் கையில் கட்ட, அவள் முந்தானையால் மூடிக்கொண்டாள். படம் இரண்டு சகோதரிகளைப் பற்றியது. அவருக்குக் கொட்டாவியாக வந்தது. பக்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டபோதெல்லாம் அவருக்குப் பரம திருப்தியாக இருந்தது.

காரில் திரும்பும்போது வல்லி மெதுவாக ஆரம்பித்தாள். "அந்தச் சின்னவ, அக்காகிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? எனக்கு என்ன தோணுச்சுன்னா..."

"இரு வல்லி. பேசாத. எண்ணம் கலைஞ்சிடும்."

வல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பட்டையைக் கணினியில் மாட்டினார்கள். கோடு மலைமலையாக ஏறி இறங்கியது. "சார், இங்க அழுகை எகிறுது பாருங்க. என்ன சீன் இது?" என்றான் ஜெரால்டு.

"அக்காக்காரி பட்டுப்புடவையை மடிச்சு வைக்கிற சீன்."

"அதுல அழ என்ன சார் இருக்கு?"

இருவரும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். புடவை இழந்துபோன இளமையின் குறியீடு என்றார் குமரகுரு. இல்லை சார், குடும்பப் பாரம்பரியத்தின் சுமை என்றான் ஜெரால்டு. இப்படி வெகுநேரம் வாதாடினார்கள். அழுதவள் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுந்துபோய் அவளைக் கேட்கலாம் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

சேனல் பிழைத்தது. பிழைத்தது மட்டுமல்ல, செழித்தது. குமரகுருவின் சான்றுகளைப் பார்த்து ஊர் அசந்துபோனது. இவ்வளவு சிரிக்கிற, இவ்வளவு அழுகிற, குழந்தைப் படத்துக்குக்கூட மருட்கை கொள்கிற ஒரு விமர்சகர் தமிழில் உண்டா என்று எழுதினார்கள். கறார் என்ற பட்டம் உதிர்ந்து, மனசுள்ள மனுஷன் என்று ஆனது. பெண்கள் கடிதம் எழுதினார்கள். 'எங்க வீட்டுக்காரரும் உங்களை மாதிரி இருந்திருக்கக்கூடாதா' என்று ஒரு கடிதத்தில் இருந்ததை அவர் வல்லிக்கு வாசித்துக்காட்டினார். வல்லி காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

ஊரும் இதற்குள் வெகுவாக மாறியிருந்தது. பிரிவியூ வாசலில் இப்போது யாரும் வித்தியாசமாக இருந்தது என்றெல்லாம் சொல்வதில்லை. இயக்குநர்கள் கையைக் குலுக்குகிற சாக்கில் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்கள். முழுக்கைச் சட்டை விற்பனை கூடியது. ஒரு கதாநாயகி ஆட்டத்தின்போது உவகை காட்டிவிட்ட கணவர்கள் பலர் வீட்டில் நாள்கணக்கில் சோறு கிடைக்காமல் அலைந்தார்கள். ஜெரால்டின் கல்யாணமே இதில்தான் நின்றுபோனது.

"பொண்ணு வீட்ல பட்டைக் கணக்கைக் கேட்டாங்க சார்," என்றான். "ஜாதகம் மாதிரி. ரெண்டு பேரும் பாத்த படத்தையெல்லாம் போட்டுப் பொருத்தம் பாத்தாங்க. அவ அழுத ஒரு சாவுக் காட்சியில எனக்கு நகை வந்திருக்கு."

"ஏன் சிரிச்ச?"

"பொணம் மூச்சு விட்டுச்சு சார். நெஞ்சு ஏறி இறங்குனது தெளிவா தெரிஞ்சுது. சொன்னா நம்பமாட்டேங்கறாங்க. பட்டைக்குச் சிரிச்சது தெரியுது, எதுக்குச் சிரிச்சேன்னு தெரியலையே." அவனுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

குமரகுரு அவனுக்கு ஆறுதலாக இரண்டு வார்த்தை சொன்னார். பட்டைக்கு எதற்கு என்று தெரியாது என்பது தன்னையும் ஒருநாள் வந்து இடிக்கும் என்று அவர் யோசிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் 'இரண்டாம் வகுப்பு ஓய்வறை' வந்தது. திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த மருதுசெல்வன் என்ற பையனின் முதல் படம். ஓய்வுபெற்ற ரயில்வே குமாஸ்தா ஒருவர், மகன் வருவான் என்று ரயில் நிலைய ஓய்வறையில் காத்திருக்கிறார். படம் முழுக்கக் காத்திருக்கிறார். நடுவில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உரிக்கிறார். தோலை உரித்து, பிறகு ஒவ்வொரு சுளையிலும் ஒட்டியிருக்கும் வெள்ளை நாரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே இருக்கிறார். வசனம் இல்லை, இசை இல்லை. பட்டை வழக்கம்போல வல்லி கையில் இருக்க, குமரகுரு அந்த இடத்தில் நிம்மதியாகக் கண்ணயர்ந்தார்.

வீட்டில் பட்டையை மாட்டிய ஜெரால்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். ஆரஞ்சில் அழுகை ஆரம்பித்து உச்சத்துக்குப் போயிருந்தது. அங்கிருந்து வெகுளி. வெகுளியிலிருந்து பெருமிதம். கடைசியில் உவகை, அதுவும் இறங்காமல் படம் முடியும்வரை அப்படியே நின்றிருந்தது. இப்படி ஒரு கோட்டை வாரியமே பார்த்ததில்லை.

குமரகுரு தன் வாழ்நாளிலேயே சிறந்த விமர்சனத்தைப் பேசினார். அந்த ஆரஞ்சு வெறும் ஆரஞ்சு அல்ல என்றார். நார் என்பது உறவு, சுளை என்பது நினைவு, உரித்துக்கொண்டே போனால் கையில் மிஞ்சுவது நாம்தான் என்றார். என்ன சொல்கிறோம் என்று தனக்கே சரியாகப் புரியாததால் குரல் தழுதழுத்தது. அது இன்னும் நன்றாக எடுபட்டது. ஈ ஓட்டிக்கொண்டிருந்த படத்துக்கு டிக்கெட் கிடைக்காமல் போனது. தமிழ்நாடு முழுக்க ஆரஞ்சு உரிக்கும் காட்சியில் பட்டைகள் அழுகை காட்டின. பொய்யாக இருக்குமோ என்று வாரியம் சோதித்துப் பார்த்தது. பொய்யில்லை, நிஜமாகவே அழுதார்கள். எங்கே அழ வேண்டும் என்று தெரிந்துவிட்டால் உடம்பும் பழகிவிடும் போலிருக்கிறது. பழக்கடைகளில் ஆரஞ்சு கிடைப்பது குதிரைக்கொம்பானது.

வாரியத்துக்கு இதில் ஏகப்பட்ட பெருமை. பட்டைத் திட்டத்தின் ஆண்டுவிழாவுக்குக் குமரகுருவையே சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். மேடையில்லை, மாலையில்லை, ஒரே ஒரு நிகழ்ச்சிதான். பெரிய அரங்கில் அவர் 'இரண்டாம் வகுப்பு ஓய்வறை'யை மறுபடி பார்ப்பார். பட்டையை வாரியத் தலைவரே அவர் கையில் கட்டுவார். திரைக்குப் பக்கத்தில் இன்னொரு திரை வைத்து, அவர் உடம்பின் கோட்டை அரங்கம் முழுவதற்கும் காட்டுவார்கள்.

அழைப்பை வாசித்த குமரகுரு அதை மடித்து மேஜை இழுப்பறைக்குள் தள்ளினார். அவர் கையில் பட்டை கட்டினால் என்ன தெரியும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். முழுவதும் நடுவுநிலை, இடையில் உறக்கம். இந்த முறை உரிமம் மட்டும் போகாது, வேறொருத்தி கையைக் காட்டி ஊரை ஏமாற்றியது வெளியே வந்து மானமும் சேர்ந்து போகும்.

அந்தக் கவலையில் இருந்தபோதுதான் மருதுசெல்வன் நன்றி சொல்ல வீட்டுக்கு வந்தான், ஒரு பை நிறைய ஆரஞ்சோடு. காலில் விழப் போனவனைக் குமரகுரு தடுத்தார். வல்லி காப்பி கொண்டுவந்தாள்.

"அக்கா, நீங்களும் சார்கூட வந்து பாத்தீங்களாமே. படம் எப்படி இருந்துச்சு?"

வல்லி தட்டோடு நின்றுவிட்டாள். கேள்வி அவளுக்குத்தானா என்று ஒருமுறை கணவரைப் பார்த்தாள். "உள்ளதைச் சொல்லலாமாப்பா?"

"சொல்லுங்கக்கா."

"அந்த ஆரஞ்சு வர்ற வரைக்கும் பாத்தேன். பெரியவர் டீக்காரர்கிட்ட மகனைப் பத்திப் பெருமையடிக்கிறது ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆரஞ்சு உரிக்க ஆரம்பிச்சதும் என் நினைப்பு எங்கயோ போயிடுச்சு. அப்புறம் கண்ணு திரையில இருந்துச்சே தவிர ஒண்ணும் பாக்கலை. மகன் வந்தானா இல்லையான்னுகூடத் தெரியாது."

குமரகுரு காப்பி டம்ளரை அவசரமாகக் கீழே வைத்தார். மருதுசெல்வன் சங்கடப்படாமல் சிரித்தான். "எனக்கும் எடிட்டிங்ல அந்த இடத்துல தூக்கம்தான்க்கா. அந்த நடிகருக்கு வசனம் மறந்துபோச்சு. உரிச்சுக்கிட்டே யோசிச்சாரு. நான் கட் சொல்ல மறந்துட்டேன். எடிட்டர் வெட்டச் சொன்னாரு, நீளம் பத்தலைன்னு விட்டுட்டோம். சாருக்கு அதுல அவ்வளவு தெரிஞ்சிருக்குன்னா, அது சாரோட மனசு."

அவன் போனபிறகு குமரகுரு கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அன்னிக்கு உன் கோடு வானத்துக்குப் போச்சு. படமே பாக்கலைங்கற. அப்ப அழுதது எதுக்கு?"

"இதைக் கேக்க இவ்வளவு நாளாச்சா உங்களுக்கு?" வல்லி உட்கார்ந்தாள். "எனக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்துச்சே, ஞாபகமிருக்கா? கண் முழிச்சப்ப நீங்க பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்து ஆரஞ்சு உரிச்சிட்டிருந்தீங்க. அந்தப் பெரியவர் மாதிரியேதான், ஒரு நார் விடாம. ஒரு சுளையை என் வாயில வச்சு, 'எப்படி இருக்கு? புளிக்குதா?'ன்னு கேட்டீங்க."

அவருக்கு ஞாபகம் இல்லை. ஆனால் இல்லை என்று சொல்லத் தைரியமில்லாமல் தலையாட்டினார்.

"அதுக்கப்புறம் நீங்க என்கிட்ட எதையுமே எப்படி இருக்குன்னு கேட்டதில்லைங்க. சமைச்சதைக் கேட்டதில்லை. வாங்குனதைக் கேட்டதில்லை. பாத்த படத்தைக்கூடக் கேட்டதில்லை. கார்ல வரும்போது ஒரு வார்த்தை பேசுவீங்கன்னுதான் நான் இந்தப் பட்டையையே கட்டிக்கிட்டேன். அதை நினைச்சு அழுதேன். அழுதுட்டு, எனக்கே என்மேல கோபம் வந்துச்சு, ஊமை மாதிரி கையை நீட்டிட்டு உக்காந்திருக்கோமேன்னு. அப்புறம் யோசிச்சேன். ஊரே இப்ப என் கை சொல்றதைத்தானே கேக்குது, இந்த வீட்ல ஒரு ஆளைத் தவிர. கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு. போதும், இனிமே கட்டறதில்லைன்னு அப்ப முடிவு பண்ணினேன். பண்ணினதும் மனசு அப்படி லேசாயிடுச்சு."

அழுகை, வெகுளி, பெருமிதம், உவகை. நாரும் உறவும் சுளையும் நினைவும் என்று தான் பேசியதெல்லாம் குமரகுருவின் காதில் திரும்ப ஒலித்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்த வெட்கத்துக்கு முன்னால் பயம்தான் வந்து நின்றது. "அப்ப விழாவுக்கு நான் என்ன பண்றது?"

"உங்க கையில கட்டத்தானே போறாங்க? நான் என்ன பண்ண முடியும்?" என்றாள் வல்லி. "ஆனா நானும் வர்றேன். எனக்குப் பாதிப் படம் பாக்கி இருக்கு."

விழா அரங்கம் நிரம்பி வழிந்தது. வாரியத் தலைவர் பட்டையைக் குமரகுருவின் கையில் இறுக்கிக் கட்டி, கூட்டத்துக்கு உயர்த்திக் காட்டினார். பக்கத்து நாற்காலியில் வல்லி வெறும் கையோடு, மடியில் ஒரு பாப்கார்ன் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

படம் ஆரம்பித்தது. பக்கத்துத் திரையில் அவருடைய கோடு செத்த பாம்பு மாதிரி கிடந்தது. டீக்காரர் காட்சியில் கூட்டம் சிரித்தது, கோடு அசையவில்லை. பின்வரிசைகளில் முணுமுணுப்பு எழுந்தது. அவர் ரகசியமாகத் தொடையைக் கிள்ளிப் பார்த்தார். ஒரு விநாடி வெகுளி காட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. ஓரத்தில் நின்ற ஜெரால்டு கண்ணை மூடிக்கொண்டான்.

ஆரஞ்சு வந்தது. பெரியவர் தோலில் நகத்தைப் பதித்தார்.

இந்த முறை குமரகுரு தூங்கவில்லை. முதலில் அவருக்கு நினைவு வந்தது ஆஸ்பத்திரியின் பச்சைத் திரைச்சீலை, பிறகு டெட்டால் வாசனை. மயக்கம் தெளிய நேரமாகிறது என்று யாரோ சொன்னார்கள். எவ்வளவு நேரம் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனார்கள். கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல்தான் பழத்தை எடுத்தார். இவள் கண் திறக்காவிட்டால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே ஒரு நார் விடாமல் உரித்தார். அவள் கண் திறந்தபோது கேட்பதற்கு ஆயிரம் இருந்தும் வாயில் வந்தது, புளிக்குதா என்பது மட்டும்தான். இத்தனை பயந்தவன்தான் பிறகு எதையுமே கேட்காமல் இருந்துவிட்டான்.

அரங்கத்தில் சலசலப்பு எழுந்து அடங்கியது. குமரகுரு பக்கத்துத் திரையைப் பார்க்கவில்லை. பார்க்க முடியாதபடி கண் மறைத்திருந்தது. செத்துக் கிடந்த கோடு எழுந்து மேலே போய், திரையின் விளிம்பைத் தாண்டி, காட்டுவதற்கு இடமில்லாமல் நின்றது. கைதட்டல் அரங்கத்தை அதிர வைத்தது. வாரியத் தலைவர் எழுந்து நின்று தட்டினார். பட்டை ஒருநாளும் பொய் சொல்லாது என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். உரிமமும் மானமும் பிழைத்தன. குமரகுருவுக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை.

படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தன. கூட்டம் எழுந்து வாசலை அடைத்துக்கொண்டதால் இருவரும் உட்கார்ந்தே இருந்தார்கள். குமரகுரு முகத்தைத் துடைத்துக்கொண்டு வல்லி பக்கம் திரும்பினார்.

"படம் எப்படி இருந்துச்சு?"

வல்லி அவர் பக்கம் திரும்பினாள். "இப்பப் பேசினா எண்ணம் கலையாதா?"

"கலையட்டும். நீ சொல்லு."

"நல்லாத்தாங்க எடுத்திருக்கான் அந்தப் பையன். மகன் வந்துட்டு, தூரத்துல நின்னு பாத்துட்டே திரும்பிப் போறானே, அது எனக்குப் பிடிச்சுது. அந்த ஆரஞ்சு சீனை மட்டும் வெட்டியிருக்கலாம்."

குமரகுரு சிரித்துவிட்டார். வருஷக்கணக்காகச் சிரிக்காதவர் சிரிக்கிற மாதிரி, தோள் குலுங்கச் சிரித்தார். "அன்னிக்கு ஆஸ்பத்திரியில, பழம் புளிச்சுதா வல்லி?"

"பயங்கரப் புளிப்பு. நீங்க உரிச்ச உரியைப் பாத்துட்டு, இனிக்குதுன்னு சொல்லி வச்சேன்." அவளும் சிரித்தாள். வாசலில் மருதுசெல்வன் எல்லோர் கையையும் பிடித்துக்கொண்டிருந்தான்.

பட்டையைக் கழற்ற யாருக்கும் நினைவில்லை. அது தன்பாட்டுக்கு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டது. மறுநாள் வாரியம் வெளியிட்ட சான்றில், குமரகுருவின் உவகை உச்சத்தைத் தொட்டது பெயர்கள் ஓடும் இடத்தில் என்று இருந்தது. தமிழ்நாட்டு விமர்சகர்கள் அத்தனை பேரும் அந்த எழுத்துகளைப் பற்றிப் பேசினார்கள். கறுப்புப் பின்னணியின் தத்துவத்தை ஒருவர் விளக்கினார். ஜனங்கள் படம் முடிந்தும் எழுந்திருக்காமல் உட்கார்ந்தார்கள். போக்குவரத்து ஏற்பாடு செய்தவர் பெயரும் சாப்பாடு சப்ளை செய்தவர் பெயரும் வரும் இடத்தில் பட்டைகள் ஊர் ஊராக உவகை காட்டின.

ஜெரால்டு போன் செய்தான். "சார், எல்லாரும் கேக்கறாங்க. அந்த டைட்டில்ல அப்படி என்னதான் சார் இருக்கு?"

"தெரியலைடா," என்றார் குமரகுரு. "இரு, வல்லியைக் கேட்டுச் சொல்றேன்."